மாடி மட்டும் பாக்கி

“வீடு கட்டத் தெரியுமா உங்களுக்கு?” என்று திண்டிவனத்து மூங்கில் கடைக்காரர் கேட்டார்.

“கட்டியாச்சுண்ணே. மாடி மட்டும் பாக்கி” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. விழுப்புரத்தில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், நானும் என் கணவரும் போன வருடம்தான் வீடு கட்டிக் குடிபோனோம். மேல்தளத்தில் கம்பிகள் இன்னும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு கணக்கு டீச்சரிடம் திடீரென்று இப்படிக் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? ஆனால் அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஏணி வாங்க வந்திருந்த ஆளும் சேர்ந்து சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதை எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அன்றும் வந்தது.

“இதுல சிரிக்க என்ன இருக்கு?”

“கோச்சுக்காதீங்கம்மா. சிலம்பத்துக்குக் கம்பு வேணும்னு கேட்டீங்க, அதான் கேட்டேன். வீடு கட்டறதுன்னா செங்கல் வெச்சுக் கட்டறது இல்லீங்க. காலு வெக்கிறது. நாலு பக்கமும் காலு மாத்தி மாத்தி நின்னுக்கினு ஆடறாங்கல்ல, அதுக்குப் பேருதான் வீடு. அது தெரியாம கம்ப வாங்கிக்கினு போயி இன்னா பண்ணப் போறீங்க, துணி காயப் போடுவீங்களா?”

அந்த நேரத்தில் என் கைப்பையில் லேமினேட் செய்த காகிதம் ஒன்று இருந்தது. அதில் என் பெயரும், பெயருக்குக் கீழே தங்க நிறத்தில் ‘சிலம்ப மாஸ்டர்’ என்ற பட்டமும் அச்சாகியிருந்தன. பையின் ஜிப்பை நன்றாக இழுத்து மூடிக்கொண்டேன்.

அந்தக் காகிதம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தோரு வயதில் எனக்குக் குதிகால் வலி வந்தது. நடங்கள் என்றார் டாக்டர். விழுப்புரத்தில் சாயங்காலம் ஒரு மைதானத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். அங்கே ஒரு சிலம்பப் பயிற்சி மையம் நடந்தது. பெரிய ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, பிள்ளைகள் வரிசையாக நின்று கம்பு சுற்றினார்கள். மூன்றாம் நாள் நான் நடப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தேன். நான்காம் நாள் சேர்ந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு அது பைத்தியம் மாதிரிப் பிடித்துப்போயிற்று. கம்பு வேகம் பிடித்ததும் ‘விர்’ரென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அது காதில் விழுந்துவிட்டால் வீட்டில் இட்லி மாவு புளித்து வழிந்தாலும் நினைவு வராது. பத்தே மாதத்தில் இரண்டு கையிலும் இரண்டு கம்பு சுற்றினேன். கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றினேன். பிடரியில் வைத்துக் கையால் தொடாமல் உருட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் சுற்றினோம். முடிவில் மெடல் போட்டு, படம் எடுத்து, அந்தக் காகிதத்தைக் கொடுத்தார்கள்.

அங்கே சொல்லிக்கொடுத்தவரை நாங்கள் மாஸ்டர் என்போம். தன் படத்தையே தன் பனியனில் அச்சடித்துப் போட்டிருப்பார். அன்பான மனிதர்தான், யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்குத் தெரியாத ஆயுதம் கிடையாது, முறை கிடையாது. ஆனால் ஏதாவது கேட்டால், “அதெல்லாம் அட்வான்ஸ் லெவல் மேடம், அப்புறம் வரும்” என்பார். எதிரில் ஒருவர் அடித்தால் எப்படித் தடுப்பது என்று கேட்டேன். அட்வான்ஸ் லெவல். காலை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டேன். அதுவும் அட்வான்ஸ் லெவல். இந்த இடத்திலாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். ஏனென்றால் பதினேழு வருடமாக நானும் வகுப்பில் இதையேதான் செய்து வருகிறேன். விடை தெரியாத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், “அது ஒன்பதாங் கிளாஸ்ல வரும், உட்காரு” என்று சொல்லியிருக்கிறேன். கள்ளனுக்குக் கள்ளனைத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

என் பள்ளிக்கூடம் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டிய ஊரில் இருக்கிறது. அந்த இரண்டு கிலோமீட்டரில் பாதி தூரம் சவுக்குத் தோப்பு. பிள்ளைகள் நடந்துதான் வருவார்கள். அந்த வருடம் பைக்கில் வந்த இரண்டு பேர் ஒரு பிள்ளையின் சடையைப் பிடித்து இழுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. எங்கள் தலைமையாசிரியை, எச்.எம். மேடம் என்போம், ஆசிரியர் கூட்டத்தில் என்னைப் பார்த்துச் சொன்னார்: “உங்ககிட்டதான் சர்ட்டிபிகேட் இருக்கே டீச்சர். அரையாண்டு லீவு முடிஞ்சதும் பொண்ணுங்களுக்கு நீங்களே சிலம்பம் சொல்லிக்குடுத்துடுங்க. தற்காப்புக்கு ஆகும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே பிரேயர் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சுற்றிக் காட்டினேன். இரண்டு கம்பு, கண்கட்டு, பிடரி உருட்டல், எல்லாம். கைதட்டல் காதைப் பிளந்தது. சத்துணவு அம்மா கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார். அப்போது எட்டாம் வகுப்பில் ஒரு பெண், தோப்பு வழியாக வருகிறவள், கையை உயர்த்தினாள்.

“டீச்சர், தோப்பாண்ட ஒருத்தன் கம்பு எடுத்துக்கினு அடிக்க வந்தா, இன்னா பண்ணணும் டீச்சர்?”

“அடிக்க வந்தா தடுக்கணும்” என்றேன் கம்பீரமாக.

“நான் அடிக்கட்டுமா? நீங்க தடுத்துக் காமிக்கிறீங்களா?”

அவள் மேப் மாட்டும் கம்பை எடுத்து வந்தாள். நான் என் கம்பை மளமளவென்று சுற்றினேன். அவள் அந்தச் சுற்றை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு நடுவில் புகுந்து நேராக ஒரே ஒரு அடி அடித்தாள். அது என் விரல் முட்டியிலும் கம்பிலும் சேர்ந்து விழுந்தது. என் கம்பு இரண்டாகப் பிளந்து ஒரு துண்டு கொடிக்கம்பத்தின் பக்கம் போயிற்று. பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அடங்கினார்கள். அடித்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் பயம் இருந்தது. என்னை அடித்துவிட்டோமே என்ற பயம் என்று அன்று நினைத்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் புரிந்தது. தோப்பு வழியாக நாளைக்கும் அவள் நடக்க வேண்டுமே, அந்தப் பயம் அது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கம்பைக் குறை சொன்னேன். மாஸ்டர் கொடுத்த கம்பு இளப்பம், நல்ல மூங்கில் வாங்கினால் சரியாகிவிடும் என்று அடுத்த சனிக்கிழமை திண்டிவனம் பஸ் ஏறினேன். அப்படித்தான் அந்த மூங்கில் கடை வாசலில் வீடு கட்டிய கதையைச் சொல்லி அசடு வழிந்தேன்.

கடைக்காரர் எனக்குக் கம்பு விற்கவில்லை. “மொதல்ல வீடு கத்துக்கினு வாங்க, அப்புறம் உங்க ஒசரத்துக்கு நானே பாத்து வெட்டித் தர்றேன்” என்றார். “செஞ்சி ரோட்டுல ஒரு மல்லாட்டை மில்லு இருக்குது. அங்க போயி, சிலம்பம் வாத்தியாரு யாருன்னு கேளுங்க. நல்லா வீடு கட்டுவாங்க.”

ஷேர் ஆட்டோவில் போகும்போதே மனதுக்குள் ஒரு ஆளை உருவாக்கிவிட்டேன். முறுக்கு மீசை, மடித்துக் கட்டிய வேட்டி, கையில் காப்பு. மில்லுக்குப் பின்னால் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய வைக்கும் பெரிய சிமெண்டுக் களம் இருந்தது. அங்கே அப்படி ஒருவரும் இல்லை. புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்ட ஒரு பெண், இருபத்தேழு வயதிருக்கும், பலகையால் மல்லாட்டையைத் தள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இங்க சிலம்பம் வாத்தியார்னு ஒருத்தர் இருக்காராமே, எங்க அவர்?”

“நான்தாங்க. இன்னா விஷயம்?”

நான் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவளும் தன் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். கூலிக்கு வேலை செய்கிறவள். ஏற்கெனவே ஒரு இடத்தில் ஏமாந்தவள் நான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. ஒரு பரீட்சை வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். கேள்வித்தாள் தயாரிப்பது நமக்குக் கைவந்த கலையாயிற்றே.

“சுருள்வாள் தெரியுமா உனக்கு?”

“தெரியாதுங்க.”

“மான்கொம்பு?”

“பாத்திருக்கேன். சுத்தத் தெரியாது.”

“சரி, எத்தனை வீடு தெரியும்?” அரை மணி நேரத்துக்கு முன்னால் கற்ற சொல்லை எடுத்து வீசினேன்.

“ஆறு. அதுல அஞ்சு நல்லா வரும். ஆறாவதுல திரும்பறப்போ இந்தக் காலு கொஞ்சம் லேட்டாயிடுது. அதுக்கு மேல எங்க மாமாவுக்குத்தான் தெரியும். அவரு பெங்களூர்ல வேலை செய்யறாரு. பொங்கலுக்கு வந்தா கேட்டுக்குவேன்.”

நான் அந்தக் களத்திலேயே குதித்திருப்பேன், குதிகால் வலி மட்டும் இல்லாதிருந்தால். இரண்டு ‘தெரியாது’, ஒரு ‘லேட்டாயிடுது’! விழுப்புரத்து மைதானத்தில் பத்து மாதத்தில் ஒன்றுகூட நான் கேட்டதில்லை. தனக்கு எது வராது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறவளுக்கு, வருவது எவ்வளவு நன்றாக வரும்! வீதியில் தேடிய பொருள் மடியில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. ஆனாலும் கெத்தை விடாமல் பையைத் திறந்து காகிதத்தை நீட்டினேன்.

அவள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். “மாஸ்டர்னு போட்டிருக்குதே டீச்சர். அப்புறம் எதுக்கு என்னாண்ட வந்தீங்க?”

“எனக்கு வீடு கட்டத் தெரியலை.”

அவள் சிரிக்கவில்லை. காகிதத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். “பத்திரமா வெச்சுக்கங்க. நாளைக்கிக் காலைல அஞ்சரைக்கு வந்துடுங்க. ஏழு மணிக்குக் களத்துல மல்லாட்டை கொட்டிடுவாங்க, அப்புறம் எடம் இருக்காது.”

மறுநாளிலிருந்து விழுப்புரம் பஸ் நிலையத்தில் விடியற்காலை பஸ்ஸில் எனக்கு ஒரு ஜன்னலோர சீட் நிரந்தரமாயிற்று. போகும்போது திண்டிவனம் வரை, திரும்பும்போது பாதி வழியில் பள்ளிக்கு. கண்டக்டர் முதல் வாரம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டாம் வாரம், “இன்னா டீச்சர், எத்தினி பேர அடிச்சீங்க?” என்று கேட்க ஆரம்பித்தார்.

யாரையும் அடிக்கவில்லை. கம்பையே தொடவில்லை. அவள் முதல் நாள் களத்தில் என்னைச் சுற்றிச் சதுரமாக மல்லாட்டைக் காய்களை வைத்தாள். ஓடு உடைக்காத முழுக் காய். ஒவ்வொரு மூலையிலும் கை நிறைய. “இதுக்கு நடுவுல காலு மாத்தணும். முன்ன ஒண்ணு, திரும்பி ஒண்ணு, சைடுல ஒண்ணு, மறுபடி திரும்பி ஒண்ணு. கீழ குனிஞ்சு பாக்கக் கூடாது. எதிராளி மூஞ்சியத்தான் பாக்கணும். மிதிச்சா ‘மடக்’குன்னு சத்தம் வரும். உடைச்சதை நீங்களே தின்னுடணும், வேஸ்ட் பண்ணக் கூடாது.”

மடக். மடக், மடக். நான் வீடு கட்டவில்லை, செக்கு ஆட்டினேன். முதல் வாரம் நான் தின்ற பச்சை மல்லாட்டைக்குக் கணக்கு இல்லை. பித்தம் ஏறித் தலை சுற்றியது. “நீ சிலம்பம் கத்துக்கப் போறியா, மல்லாட்டை திங்கப் போறியா?” என்று என் கணவர் கேட்டார். பேஜார் பிடித்த மனிதர், ஆனால் நியாயமான கேள்வி.

அவளிடம் எனக்குப் பிடித்தது என்னவென்றால், என் காலைப் பார்ப்பாள். சும்மா பார்ப்பது இல்லை. நான் தப்பு செய்வதற்கு முந்தைய நொடியில் “வலது குதிகாலு” என்பாள். அடுத்த நொடி வலது குதிகாலுக்குக் கீழே மடக்கென்று கேட்கும். என் உடம்புக்குள் நடப்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தது. நான் கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள். சில நாள் பதில் “இருங்க, செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்” என்பதாக இருந்தது. தானே சதுரத்துக்குள் இறங்கி நான்கு தடவை கால் மாற்றிப் பார்த்து, “ஆமாங்க, இடுப்பு மொதல்ல திரும்பணும், அதைச் சொல்ல மறந்துட்டேன்” என்பாள். மறந்துட்டேன் என்று பிள்ளைகளிடம் நான் எப்போது சொன்னேன் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நினைவில் ஒன்றும் அகப்படவில்லை.

ஒரே சங்கடம், அவளை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான். அவள் என்னை டீச்சர் என்றாள். நான் அவளை வாம்மா போம்மா என்றேன். சிலம்பத்தில் தொடங்கும்போது சலாம் செய்ய வேண்டும். மண்ணைத் தொட்டு, வாத்தியாரைக் கும்பிட்டு, பிறகு ஆட வேண்டும். கும்பிட்டுவிட்டு ‘நீ’ என்று கூப்பிடுவது எனக்கே வாய்க்குள் கல் மாதிரி இடறியது. ஆனாலும் பதினேழு வருடம் பிள்ளைகளை அதட்டிய வாய், சட்டென்று வளையவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு காலை. பனி இறங்கியிருந்தது, சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது. நான் சதுரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒன்று, திரும்பு, ஒன்று, திரும்பு. எதிரில் நின்றவள் திடீரென்று கம்பை எடுத்து என் தோளுக்குக் குறி வைத்து இறக்கினாள். சொல்லவில்லை, எச்சரிக்கவில்லை. நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. கம்பு காற்றில் இறங்கித் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. நான் அதன் பக்கவாட்டில், அவள் விலாவுக்கு ஒரு முழ தூரத்தில், முழுசாக நின்றுகொண்டிருந்தேன். மடக் என்ற சத்தமே இல்லை.

“பாத்தீங்களா!” என்று கத்தினேன். “நான் தப்பிச்சுட்டேன்! நீங்க பாத்தீங்களா?”

‘நீங்க’ என்று தானாக வந்திருந்தது. அவர் பல் தெரியச் சிரித்தார். அதற்குப் பிறகு எனக்கு அவரை ஒருமையில் சொல்ல வாய் வரவில்லை, இப்போது இதற்கு மேல் எழுதும்போதும் வரவில்லை.

அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏழாம் வகுப்பில் சதுரத்தின் சுற்றளவு நடத்தினேன், அப்படி ஒரு சுற்றளவை அந்தப் பிள்ளைகள் இனி ஜென்மத்தில் மறக்க மாட்டார்கள். சாயங்காலம் என் கணவர் டி.வி.யில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். “அடடா, வீடு கட்டி அடிக்கிறான் பாரு!” என்றார். ஆயிரம் தடவை கேட்ட பேச்சு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

“நீங்க சொன்னதுக்கு அர்த்தம் தெரியுமா உங்களுக்கு?”

“நல்லா அடிக்கிறான்னு அர்த்தம்.”

“இல்லைங்க. எழுந்திருங்க. இங்க நில்லுங்க.” ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு புது வீட்டு ஹாலில் நாலு பக்கமும் கால் மாற்றிக் காட்டினேன். காலண்டர் விழுந்தது. கடிகாரம் தப்பியது. அவர் சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, “புரியுது, நல்லாப் புரியுது” என்றார்.

அரையாண்டு லீவு முடிய ஒரு வாரம் இருந்தது. அடியிலிருந்து தப்பித்த அந்தச் சந்தோஷத்தில், சலாம் செய்து முடித்த கையோடு வாத்தியாரிடம் கேட்டேன். “முதல் வீடு வந்துடுச்சு. இப்ப நான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் இல்லையா?”

அவர் மல்லாட்டைக் காய்களைக் காலால் ஒதுக்கினார். “வேணாங்க டீச்சர்.”

“ஏன்? தப்பா செய்யறேனா?”

“தப்பு இல்ல. உங்களுக்கு வந்துடுச்சு. ஆனா அடுத்தவங்க காலப் பாத்து, எங்க தப்புன்னு சொல்ல உங்களுக்கு இன்னும் வரலை. அது வர்றதுக்கு வருஷம் ஆவும். நீங்க தப்பாச் சொல்லி, ஒரு பொண்ணு அதை நம்பி எவன் எதிர்லயாவது நின்னுட்டா?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பஸ் ஏறினேன். யார் கற்றுக்கொடுக்கலாம் யார் கூடாது என்று எனக்கே பாடம் நடத்துகிறாரா என்று பாதி தூரம் கொதித்தேன். மீதிப் பாதியில் கொதிப்பு அடங்கியது. ஒரு கணக்கை நானே போடுவது பெரிய விஷயமே இல்லை. ஒரு பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கில், எந்த வரியில் சறுக்கியது, ஏன் சறுக்கியது என்று பார்க்க எனக்குப் பத்து வருடம் ஆனது. அதை மில்லில் வேலை செய்கிற ஒருவர் மூன்று வரியில் சொல்லிவிட்டார். பள்ளிக்குப் பிரியும் இடத்தில் சவுக்குத் தோப்பு ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் வந்தது. அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் முகம் கூடவே வந்தது.

மறுநாள் காலை களத்தில் நான் உடைத்த ஓடுகள் நிறையச் சிதறிக் கிடந்தன. துடைப்பமும் முறமும் கண்ணில் படவில்லை. பையிலிருந்து அந்த லேமினேட் காகிதத்தை எடுத்து முறமாகப் பிடித்து ஓடுகளை வாரினேன். நல்ல உறுதியான காகிதம். வாத்தியார் பதறிப்போனார். “ஐயோ, பேரு போட்டிருக்குது டீச்சர்!” என்றார். “இருக்கட்டும், பேருக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன். அன்றிலிருந்து அது மில்லிலேயே இருக்கிறது.

பள்ளி திறந்த அன்று எச்.எம். மேடம் ஒரு படிவத்தை நீட்டினார். “பயிற்சி குடுக்கறவங்க சர்ட்டிபிகேட் நம்பர் கேக்குது டீச்சர், எழுதிடுங்க.”

“எனக்குத் தெரியாது மேடம்.”

“நம்பர் தெரியாதா? பாத்து எழுதுங்க, அவசரம் இல்ல.”

“சிலம்பம் தெரியாது.”

பதினேழு வருடத்தில் அந்த அறையில் நின்று நான் இந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு பெருமூச்சு வந்தது. மல்லாட்டை மில்லைப் பற்றி, வாத்தியாரைப் பற்றி, அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு என்பதைப் பற்றி எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன்.

“அந்தப் பொண்ணுகிட்ட சர்ட்டிபிகேட் இருக்கா?”

“இல்லை மேடம். என்கிட்டதான் இருக்கு. அதுதான் பிரச்சினையே.”

மேடம் படிவத்தை மடித்து மேஜை டிராயரில் போட்டார். “சரி, இது இப்படியே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் விளையாட்டுப் பீரியட்தானே, அதுல வரச் சொல்லுங்க. நானும் பாக்கறேன்.”

வெள்ளிக்கிழமை வாத்தியார் வந்தார். இஸ்திரி போட்ட சுடிதார், கையில் ஒரு கம்பு, தோளில் ஒரு சிப்பம் மல்லாட்டை. நாற்பது பெண்கள் மைதானத்தில் வரிசையில் நின்றார்கள். நான் அவர்கள் முன்னால் போய் நின்றேன்.

“போன தடவை இங்கதான் சுத்திக் காட்டினேன். மாஸ்டர்னு சொல்லிக்கிட்டேன். எனக்குச் சிலம்பம் தெரியாது. இப்பதான் கத்துக்கிட்டிருக்கேன். தெரிஞ்சவங்க இவங்க. இவங்கதான் வாத்தியார்.”

நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பிறகு எட்டாம் வகுப்புப் பெண்ணின் கை மேலே போயிற்று.

“அப்ப நான் இன்னொரு வாட்டி அடிச்சா, டீச்சர்?”

நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். “அடி பாப்பா.”

மேப் கம்பு மறுபடி வந்தது. என் கையில் கம்பு இல்லை. அவள் இந்தத் தடவை தயங்கினாள். பிறகு கண்ணை இறுக்கிக்கொண்டு வீசினாள். என் கால் என்னைக் கேட்காமல் போயிற்று. அவள் கம்பு மண்ணில் விழுந்து புழுதி கிளப்பியது. நான் அவள் பக்கத்தில் நின்று அவள் சடையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மைதானமே அலறியது. சத்துணவு அம்மா இந்தத் தடவை கரண்டியைப் பாத்திரத்தில் தட்டினார். எச்.எம். மேடம் வராந்தாவில் நின்று கை தட்டினார். அந்தப் பெண் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள்.

“எல்லாரும் கம்பப் பாத்தீங்களா, காலப் பாத்தீங்களா?” என்று வாத்தியார் கேட்டார்.

“கம்ப!” என்றார்கள் நாற்பது பேரும்.

“அதான் தப்பு. தோப்புல உங்க கையில கம்பு இருக்காது, காலு இருக்கும். நவுந்து ஒதுங்கத் தெரிஞ்சா ஓடறதுக்கு வழி கெடைக்கும். மொதல்ல அதைக் கத்துக்கலாம். ஜல்தி, வரிசைக்குப் போங்க. டீச்சர், நீங்களும்தான்.”

நான் கடைசி வரிசைக்குப் போய் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றேன். வாத்தியார் ஒவ்வொருவர் காலையும் சுற்றிச் சதுரமாக மல்லாட்டை வைத்துக்கொண்டே வந்தார். மண்ணைத் தொட்டு அவரைக் கும்பிட்டோம். பிறகு மைதானம் முழுக்க மடக், மடக், மடக். நாற்பது பேர் உடைத்தார்கள், நாற்பது பேர் தின்றார்கள். இதைவிடச் சந்தோஷமான ஒரு சத்தத்தை அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் கேட்டதில்லை.

“டீச்சர்,” என்றாள் பக்கத்தில் நின்றவள், வாய் நிறைய மல்லாட்டையோடு. “உங்களுக்கு எத்தினி வீடு தெரியும்?”

“ஒண்ணே ஒண்ணு” என்றேன். “மாடி மட்டும் பாக்கி.”

“மாடி இருக்கட்டும் டீச்சர்,” என்று முன்னாலிருந்து வாத்தியாரின் குரல் வந்தது. “அந்த இடது காலக் கொஞ்சம் தூக்குங்க.”

தூக்கினேன். குதிகாலுக்குக் கீழே இரண்டு மல்லாட்டை நசுங்கிக் கிடந்தது. பொறுக்கி ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை வாயில் போட்டுக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.